முதல் ஹேக்கத்தானுக்குப் போகும் முன்

"மாமா, ஸ்கூல்ல ஹேக்கத்தானுக்குப் பேர் கொடுத்துட்டேன். அம்மா விடமாட்டேங்கிறாங்க. ஹேக் பண்றவங்களைத்தானே போலீஸ் பிடிக்குது, அங்க உனக்கு என்ன வேலைன்னு கேக்கிறாங்க. நீங்க கொஞ்சம் பேசுறீங்களா?"

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை அக்கா மகளிடமிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தி இது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். அக்காவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. செய்தியில் 'ஹேக்' என்று வந்தால் யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்கு காலி என்றுதான் அர்த்தம். அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது சிங்கப்பூரில் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். சிறையும் உண்டு, அபராதமும் உண்டு.

ஆனால் அந்தச் சொல்லுக்கு இதைவிடப் பழைய பொருள் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சிறிய மாதிரி ரயில் பாதைகளை அமைத்துப் பார்க்கும் மாணவர் மன்றம் ஒன்று 1950களில் இருந்தது. கையில் கிடைத்த சுவிட்சையும் கம்பியையும் வைத்துச் சாமர்த்தியமாக ஒரு வேலையை முடித்தால் அதை அவர்கள் 'ஹேக்' என்றார்கள். அந்தச் சொல்லோடு 'மாரத்தான்' சேர்ந்து ஹேக்கத்தான் ஆனது 1999இல். அந்த ஆண்டு ஜூனில் கனடாவின் கால்கரி நகரில் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை எழுதுபவர்கள் பத்துப் பேர் வரை ஒன்றாகக் கூடி உட்கார்ந்து நிரல் எழுதினார்கள். அதே மாதம் சன் நிறுவனத்தின் ஜாவா மாநாட்டில், பாம் கையடக்கக் கருவிக்கு நிரல் எழுதும்படி வந்தவர்களுக்கு ஒரு சவால் விடப்பட்டது. இரண்டையுமே ஹேக்கத்தான் என்று அழைத்தார்கள். திருட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

இன்றைக்கு மாணவர்களுக்கு நடக்கும் ஹேக்கத்தான் இப்படித்தான் இருக்கும்: குழுவாகச் சேர்கிறீர்கள். ஒரு கருப்பொருளோ சிக்கலோ கொடுக்கிறார்கள், அல்லது நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கொடுத்த நேரத்துக்குள், பெரும்பாலும் 24 மணி நேரம், சில இடங்களில் ஒரே பகல் அல்லது இரண்டு மூன்று நாள், அந்தச் சிக்கலுக்கு ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். அது செயலியாக இருக்கலாம், இணையத்தளமாக இருக்கலாம், உணர்கருவி பொருத்திய சின்னப் பெட்டியாகவும் இருக்கலாம். கடைசியில் நடுவர்கள் முன் சில நிமிடம் பேசுவீர்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் என்யுஎஸ் ஹேக்கர்ஸ் என்ற மாணவர் குழு நடத்தும் 'ஹேக் அண்ட் ரோல்' 24 மணி நேரப் போட்டி. சிங்கப்பூர் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் 'வாட் தி ஹேக்' நடத்துகிறார்கள். இவை போக, தொழிற்கல்லூரிகளும் பள்ளிகளும் தங்களுக்குள் சிறிய அளவில் நடத்துவதுண்டு. முதல் தடவை போகிறவர்களுக்கு அந்தச் சிறிய போட்டிகளே நல்லது என்பேன்.

அக்காவிடம் அன்றிரவே பேசிவிட்டேன். "ராத்திரி தனியா வீட்டுக்கு வரக்கூடாது, சாப்பிடாம இருக்கக்கூடாது" என்ற இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தாள். அதன் பிறகு மூன்று வாரமாக அக்கா மகளான என் மருமகளுக்குச் சொல்லிவந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

24 மணி நேரத்தில் கைக்கு வருவது

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 24 மணி நேரத்தில் தூக்கத்துக்கு 5 மணி நேரம். சாப்பாடு, தொடக்க உரை, ஏற்பாட்டாளர்களின் அறிவிப்பு எல்லாம் சேர்த்து 3. கடைசியில் காணொளி எடுக்க, படைப்பைச் சமர்ப்பிக்க, பேச்சு ஒத்திகை பார்க்க 3. என்ன செய்வது என்று குழுவுக்குள் பேசி முடிக்க 2. மீதி 11 மணி நேரம். அதிலும் ஒருவருக்கு மென்பொருள் நிறுவிக்கொள்ள வரவில்லை, இன்னொருவருக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று போனால் 8 மணி நேரம் கைக்கு வந்தாலே பெரிது.

ஆக, ஹேக்கத்தானுக்குத் தயாராவது என்றால் புதிதாக ஒரு நிரல்மொழியைக் கரைத்துக் குடிப்பது என்று நினைக்க வேண்டாம். அந்த 8 மணி நேரத்தைத் தின்றுவிடக்கூடிய சில்லறை வேலைகளை எல்லாம் முன்பே முடித்துவிட்டுப் போவதுதான் தயாரிப்பு. உங்களுக்கு ஏற்கெனவே ஓரளவு தெரிந்த கருவியோடே போங்கள். பைத்தான் தெரியுமா, அதிலேயே செய்யுங்கள். உயர்நிலைப்பள்ளியில் மைக்ரோபிட் என்ற சின்னக் கணினிப் பலகையை வைத்து விளையாடியிருக்கிறீர்களா, அதுவே போதும். வந்த இடத்தில் பக்கத்துக் குழு வைத்திருக்கும் புதுக் கருவியைப் பார்த்து மனம் அலையும். அலைய விடாதீர்கள்.

வீட்டிலிருந்து ஒரு சிக்கல்

எல்லாவற்றையும்விட நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான். "என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன். "முதியவங்களுக்கு உதவுற ஆப்" என்றாள். நல்ல எண்ணம், ஆனால் இதை வைத்து ஒரு வரி நிரல்கூட எழுத முடியாது. எந்த முதியவர்? எந்த நேரத்தில்? எதில் உதவி?

"நம்ம பாட்டியை நினைச்சுப் பாரு. நேத்து எதுல சிரமப்பட்டாங்க?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். பாட்டி, அதாவது என் அம்மா, வாரத்தில் இரண்டு நாள் தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போவார். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் அடுத்த பேருந்து எப்போது வரும் என்று கேட்பார். பேருந்துச் செயலி கைப்பேசியில் இருக்கிறது, ஆனால் எழுத்து பொடியாக இருக்கிறது, எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. வந்த பேருந்தில் கூட்டம் நெரிந்தால் முட்டி வலியோடு நின்றுகொண்டே போக வேண்டும். ஐந்து நிமிடம் பொறுத்தால் காலியாக அடுத்தது வரும் என்று தெரிந்தால் பொறுத்திருப்பார். அதை யார் சொல்வது?

இப்போது சிக்கல் கைக்குள் வந்துவிட்டது. ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் ஒரு தமிழ்ப் பாட்டி, வழக்கமான ஒரே நிறுத்தத்தில் நின்றுகொண்டு, ஒரு பெரிய பொத்தானை அழுத்துகிறார். கைப்பேசி தமிழில் சொல்கிறது: "அடுத்த பஸ் நாலு நிமிஷத்துல வருது. உட்கார இடம் இருக்கு." அவ்வளவுதான். வரைபடம், கணக்குத் தொடங்குதல், கடவுச்சொல் எதுவும் கிடையாது.

இதைச் செய்ய முடியுமா என்றால், முடியும். நிலப் போக்குவரத்து ஆணையம் 'டேட்டாமால்' என்ற தளத்தில் பேருந்து வருகைத் தரவைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்து இலக்க எண் ஒன்று உண்டு. நிறுத்தத்தின் பலகையிலேயே அதைப் பார்க்கலாம். அந்த எண்ணைக் கொடுத்துக் கேட்டால், ஒவ்வொரு சேவைக்கும் அடுத்து வரும் மூன்று பேருந்துகள் எத்தனை மணிக்கு வரும் என்று பதில் வரும். கூட்டமும் சேர்ந்தே வரும்: உட்கார இடம் இருந்தால் 'எஸ்இஏ', நிற்க மட்டும் இடம் இருந்தால் 'எஸ்டிஏ', நிற்கவே நெருக்கடி என்றால் 'எல்எஸ்டி' என்று மூன்றெழுத்துக் குறியீடு. சக்கர நாற்காலி ஏற்ற வசதி உண்டா, ஒற்றைத் தளமா இரட்டைத் தளமா என்பதும் அதே பதிலில் இருக்கிறது. பாட்டியின் முட்டி வலிக்கு விடை அரசாங்கத்தின் தரவிலேயே மூன்றெழுத்தாக உட்கார்ந்திருக்கிறது. அவர் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள்தான் தேவை. மருமகளுக்கு அந்த இடத்தில் கண் விரிந்ததைப் பார்த்தேன்.

இப்படிப் பொதுத் தரவு நிறையவே கிடைக்கிறது. டேட்டா டாட் ஜிஓவி டாட் எஸ்ஜி தளம் 2011 முதல் இருக்கிறது. இரண்டு மணி நேர வானிலை முன்னுரைப்பு, புகைமூட்டக் குறியீடு எல்லாம் அதில் எடுக்கலாம். வரைபடத்துக்குச் சிங்கப்பூர் நில ஆணையத்தின் 'ஒன்மேப்' இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் விதிமுறை வேறு. சிலவற்றுக்கு முன்பே பதிந்து ஒரு சாவி, அதாவது தரவைக் கேட்கும்போது காட்ட வேண்டிய ரகசியக் குறியீடு, வாங்கிக்கொள்ள வேண்டும். டேட்டாமால் அந்த வகை. போட்டி நாளன்று உட்கார்ந்து விண்ணப்பிக்கும் நிலைக்கு வந்துவிடாதீர்கள்.

பேருந்துத் தரவில் இன்னொரு சங்கதி உண்டு, முதல் தடவை செய்பவர்கள் கட்டாயம் மாட்டிக்கொள்ளும் இடம். பின்னிரவு மூன்று மணிக்கு வழக்கமான பேருந்து எதுவும் ஓடாது. அந்த நேரத்தில் தரவைக் கேட்டால் காலியாகத்தான் வரும். நிரலில் பிழை என்று நினைத்து ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். அதனால் பகலிலேயே, கூட்டமுள்ள நேரம் ஒன்று, கூட்டமில்லாத நேரம் ஒன்று என்று இரண்டு பதில்களைக் கோப்பாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். இரவில் அதை வைத்து வேலை செய்யலாம். அரங்கின் இணைய இணைப்பு காலை வாரினாலும் அதுவே கைகொடுக்கும். ஆனால் நடுவரிடம் காட்டும்போது "இது நேற்று மாலை சேமித்த தரவு" என்று சொல்லிவிடுங்கள். நேரடித் தரவு மாதிரி காட்டிக்கொள்வது தவறு, கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

யோசனை தேடும்போது எல்லாப் பிள்ளைகளும் அவரவர் வீட்டைப் பாருங்கள் என்று சொல்வேன். வீவக அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கி, கோயில் அன்னதான வரிசை, பலதுறை மருந்தகத்திலிருந்து வரும் குறுஞ்செய்தி, அம்மா ஊருக்கு அனுப்பும் பணம். அரங்கில் இருக்கும் நூறு பேரில் இவற்றை உங்கள் அளவுக்கு அறிந்தவர் இருக்க மாட்டார். பாட்டி பேசும் தமிழ் உங்களுக்குப் புரியும் என்பதே அந்த அரங்கில் ஒரு தகுதி.

தமிழ் எழுத்தை நம்பி ஏமாறாமல் இருக்க

இந்தப் பகுதியை எழுதாமல் விட எனக்கு மனம் வராது. நான் மாணவனாக இருந்தபோது முதன்முதலில் கலந்துகொண்ட போட்டியில், டெங்கிக் கொசு பற்றி நான்கு மொழிகளில் அறிவிப்புத் தாள் தயாரித்துத் தரும் கருவி ஒன்றைச் செய்தோம். திரையில் தமிழ் அழகாக வந்தது. பிடிஎஃப் கோப்பாக மாற்றியபோது 'தேங்கிய நீர்' என்பதில் இருந்த இரட்டைக்கொம்பு 'த'வைத் தாண்டிப் போய் 'ங'வின் முன்னால் நின்றது. குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தூக்கக் கலக்கத்தில் அந்தத் தாளைத் திறந்தே பார்க்கவில்லை. நடுவர்களில் ஒரு தமிழ் அம்மையார் இருந்தார். தாளைக் கையில் வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "தம்பி, இதை நீங்க வாசிச்சுப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் காதில் இருக்கிறது.

ஏன் அப்படி உடைகிறது? கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் 'தே' என்ற எழுத்து, முதலில் 'த', அடுத்து 'ே' என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்துருவை வடிவமைத்துக் காட்டும் மென்பொருளின் வேலை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளில் 'ஹார்ஃப்பஸ்' என்ற நிரல்தொகுப்பு இதைச் செய்துவிடுகிறது. பிடிஎஃப் தயாரிக்கும் சின்னச் சின்ன நிரல்தொகுப்புகள் சிலவற்றில் அந்த வேலை நடப்பதில்லை. சேமித்த வரிசையிலேயே அச்சடித்துவிடும். அதற்கு எளிய வழி, உலாவியில் பக்கத்தைத் திறந்து அதன் அச்சு வசதி வழியாகவே பிடிஎஃப் எடுப்பது.

இன்னொன்றும் உண்டு. இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். நமக்கு மூன்று எழுத்து. அது 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாக எண்ணுகிறது. முதல் நான்கை மட்டும் வெட்டி எடுத்தால் 'தமிழ' என்று புள்ளி இல்லாமல் வரும். பொத்தானில் இடம் போதவில்லை என்று சொல்லை வெட்டும் நிரல் எழுதினால் இப்படித்தான் தமிழ் சிதையும். 'இன்டில் செக்மென்டர்' என்ற வசதி ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே இருக்கிறது. அதைக் கொண்டு எண்ணினால் மூன்று கிடைக்கும். போட்டிக்கு முன்பே ஒரு மாலை உட்கார்ந்து இதைச் செய்து பார்த்துவிட்டால், போட்டியன்று இது உங்களுக்கு ஒரு பொருட்டாகவே இருக்காது.

குரலுக்கும் இதே கதைதான். உலாவியில் பேசும் வசதி உண்டு, ஆனால் தமிழ்க் குரல் இருப்பதும் இல்லாததும் அந்தந்தக் கைப்பேசியையும் கணினியையும் பொறுத்தது. உங்கள் மடிக்கணினியில் பேசும், நடுவர் கைப்பேசியில் ஊமையாகிவிடும். மைக்ரோசாஃப்ட் அஷூரின் பேச்சுச் சேவையில் சிங்கப்பூர்த் தமிழ் என்றே தனியாக இரண்டு குரல்கள் உள்ளன: 'வெண்பா' பெண் குரல், 'அன்பு' ஆண் குரல். முதன்முதலில் அந்தப் பெயர்களைப் பட்டியலில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அதையும் முன்பே இணைத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். தேவையான வாக்கியங்கள் பத்துப் பதினைந்துதான் என்றால், பேசாமல் உங்கள் குரலிலேயே பதிவு செய்து வைத்துவிடலாம். "உட்கார இடம் இருக்கு" என்று பேத்தி குரலில் கேட்பதைவிடப் பாட்டிக்கு வேறென்ன வேண்டும்?

குழு

பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பேர். எல்லாரும் நிரல் எழுதுபவர்களாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. திரையை வடிவமைக்க ஒருவர், நன்றாகப் பேசவும் பயனாளரிடம் கேட்டறியவும் ஒருவர் என்று இருந்தால் அந்தக் குழு வலுவாக இருக்கும். என் மருமகள் குழுவில் ஒரு மலாய்ப் பெண்ணும் ஒரு சீனப் பையனும் இருக்கிறார்கள். அந்தப் பையனின் 'ஆமா', அதாவது பாட்டி, ஹொக்கியன் என்ற சீன மொழி மட்டும்தான் பேசுவாராம். பாட்டி கதையைச் சொன்னதும் அவன்தான் முதலில், "எங்க ஆமாவுக்கும் இதே கஷ்டம்தான்" என்றிருக்கிறான். அப்படி எல்லாருக்கும் ஒட்டும் ஒரு சிக்கல் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

போட்டிக்கு முன் ஒருமுறை நேரில் உட்கார்ந்து சில விஷயங்களை வாய்விட்டுப் பேசிவிடுங்கள். யார் எப்போது தூங்குவது? பரிசுதான் முக்கியமா, கற்றுக்கொள்வதா? கருத்து வேறுபட்டால் யார் சொல்வதை முடிவாக எடுப்பது? பிள்ளைகள் இதைப் பேசக் கூச்சப்படுவார்கள். பின்னிரவு மூன்று மணிக்குப் பேசுவதைவிட இப்போது பேசுவது எவ்வளவோ மேல்.

கூடவே 'கிட்' பழகிக்கொள்ளுங்கள். ஒரே நிரலில் பலர் வேலை செய்யவும், யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று பார்க்கவும், தவறு செய்தால் பழைய நிலைக்குத் திரும்பவும் உதவும் கருவி அது. குழுவில் இரண்டு பேர் வேண்டுமென்றே ஒரே வரியை ஆளுக்கொரு விதமாக மாற்றி, அது மோதும்போது என்ன வருகிறது, எப்படிச் சரிசெய்வது என்று ஒரு தடவை செய்து பாருங்கள். பத்து நிமிட வேலை. நிரல்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் எதையாவது பொதுவில் ஏற்றும்போது தரவுச் சாவியையும் கடவுச்சொல்லையும் நிரலுக்குள் எழுதி ஏற்றிவிடக் கூடாது. அப்படி வெளியே வரும் சாவிகளைத் தேடிப் பொறுக்கவே தானியங்கி நிரல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சாவிகளைத் தனிக் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பை ஏற்ற வேண்டாம் என்று கிட்டுக்குச் சொல்லிவிட வேண்டும்.

போட்டியின் விதிகளை முழுக்க வாசியுங்கள். முன்பே எழுதிய நிரலைக் கொண்டுவரலாமா, படைப்பு யாருக்குச் சொந்தம், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டுமா, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். சாட்ஜிபிடி போன்றவற்றுக்கு அனுமதி இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்பதே என் கருத்து. ஆனால் அது எழுதித் தந்த ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். தரவில் இல்லாத ஒரு தகவலை இருப்பது போலவே எழுதித் தரும். ஆவணத்தைத் திறந்து சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு. தமிழ் வாக்கியங்களை அதனிடம் கேட்டு வாங்கினால், வீட்டில் ஒருவரிடம் படித்துக் காட்டாமல் போடாதீர்கள்.

சோதனைக்கு யாருடைய உண்மையான அடையாள அட்டை எண்ணையோ மருத்துவச் சீட்டையோ பயன்படுத்த வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012 முதல் இங்கே இருக்கிறது. சட்டம் இருப்பது ஒரு பக்கம். பாட்டியின் மருந்துச் சீட்டு பெரிய திரையில் நூறு பேர் முன் தெரிவது பாட்டிக்குப் பிடிக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த நாள்

தொடங்கியதும் மடிக்கணினியைத் திறக்காதீர்கள். முதல் ஒன்றரை மணி நேரம் காகிதமும் பேனாவும் போதும். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று கட்டம் கட்டமாக வரைந்துகொண்டு, அதன் பிறகு மிக மெல்லிய ஒரு பாதையை முதலில் முழுதாக முடியுங்கள். பொத்தான் அசிங்கமாக இருக்கலாம், ஒரே ஒரு நிறுத்தத்துக்கு மட்டும் வேலை செய்யலாம். ஆனால் அழுத்தினால் குரல் வர வேண்டும். எட்டாவது மணி நேரத்துக்குள் அது வந்துவிட்டால் மீதி நேரம் முழுவதும் அதை மெருகேற்றலாம். ஒருவர் முகப்பையும் ஒருவர் தரவையும் தனித்தனியாக அழகழகாகச் செய்து, கடைசி இரண்டு மணி நேரத்தில் ஒட்டப் பார்த்தால் ஒட்டாது. நான் பார்த்த குழுக்களில் பெரும்பாலானவை தடுமாறியது இந்த இடத்தில்தான்.

பதினெட்டாவது மணி நேரத்துக்குப் பிறகு புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்று முன்பே சத்தியம் செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு பிழை திருத்தம், காணொளிப் பதிவு, பேச்சு ஒத்திகை மட்டும். படைப்பைப் பல போட்டிகளில் 'டெவ்போஸ்ட்' தளம் வழியாகச் சமர்ப்பிக்கச் சொல்வார்கள். கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே பாதி வெந்ததாக இருந்தாலும் ஒன்றைச் சமர்ப்பித்துவிடுங்கள். பெரும்பாலும் கெடுவரை அதைத் திருத்த விடுவார்கள்.

பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள் என்றால் முதல் அரை நிமிடம் பாட்டி. நிறுத்தத்தில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் பாட்டி. உடனே பொத்தானை அழுத்திக் குரலைக் கேட்கவையுங்கள். எந்தத் தொழில்நுட்பம், எந்தத் தரவு என்பதெல்லாம் அதற்கப்புறம். நடுவர்கள் வழக்கமாகக் கேட்பது: இதை யாரிடமாவது கொடுத்துப் பார்த்தீர்களா? இப்போதே இருக்கும் செயலியிலிருந்து இது எப்படி மாறுபடுகிறது? இதில் எது உண்மையில் வேலை செய்கிறது, எது வெறும் படம்? கடைசிக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லும் குழுவை நடுவர்கள் மறப்பதில்லை.

பையில் எடுத்துப்போக வேண்டியவை பற்றி ஒரு வார்த்தை. குளிர்சாதன அரங்கில் இரவு இரண்டு மணிக்குக் கை விரல் விறைத்துவிடும், தடித்த சட்டை கட்டாயம். மின்னூட்டிக் கம்பி, மூன்று முனை நீட்டிப்புக் கம்பி, பல் துலக்கி, தண்ணீர் பாட்டில். சைவமோ ஹலாலோ பதிவுப் படிவத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் கிடைக்காது. எம்ஆர்டி நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். இரவு தங்குவதா, கடைசி ரயிலில் திரும்புவதா என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அக்காவின் முதல் நிபந்தனை நினைவிருக்கிறது அல்லவா?

ஒத்திகை

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூவரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து நான்கு மணி நேர ஒத்திகை ஒன்று பார்த்தார்கள். இதில் எழுதும் நிரலைப் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது, அவர்களுடைய போட்டியின் விதி அப்படி. எங்கே தடுமாறுகிறோம் என்று தெரிந்துகொள்ளத்தான். தடுமாறினார்கள். தரவில் வரும் நேரத்திலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்தால் சில சமயம் 'கழித்தல் ஒரு நிமிடம்' என்று வந்தது; பேருந்து அப்போதுதான் நிறுத்தத்தை விட்டுப் போயிருந்தது. மலாய்ப் பெண் அதைக் கண்டுபிடித்து, அப்படி வந்தால் அடுத்ததைச் சொல்லும்படி மாற்றினாள். மாலை நான்கு மணிக்குப் பொத்தான் பேசியது.

பாட்டியைக் கூப்பிட்டார்கள். அம்மா வந்து உட்கார்ந்து, கைப்பேசியைத் தூரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, பொத்தானை அழுத்தினார்.

"அடுத்த பேருந்து நான்கு நிமிடங்களில் வருகை தரும். இருக்கை வசதி உள்ளது."

அம்மா மறுபடி அழுத்தினார். மறுபடி கேட்டார். பிறகு பேத்தியைப் பார்த்தார்.

"யாரும்மா இது, செய்தி வாசிக்கிற மாதிரி? வருகை தரும்னா யாரோ மந்திரி வர்றாப்ல இருக்கு. நாலு நிமிஷத்துல வருதுன்னு சொல்லச் சொல்லு. அப்புறம், எந்த நம்பர் பஸ்ஸுன்னு சொல்லவே இல்லையே? நம்பர் தெரியாம நான் எதுல ஏறுறது?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்கு மணி நேரத்தில் மூன்று பேருக்கும் அது தோன்றவே இல்லை. எனக்கும்தான். சீனப் பையனுக்குத் தமிழ் புரியவில்லை, என்ன சொன்னார் என்று கேட்டான். மருமகள் சொன்னதும் நோட்டுப் புத்தகத்தை எடுத்து முதல் வரியாக எழுதிக்கொண்டான்: முதலில் எண், பிறகு நிமிடம், பிறகு இடம்.